பனையேறிக் கெண்டை உண்மையில் எதில் ஏறுகிறது?

கேள்வி இதுதான். ஐப்பசியில் பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, ஏரியை ஒட்டிய வரப்பில் உள்ளங்கை நீள மீன் ஒன்று புல்லுக்குள் தத்தித் தத்திப் போவதை நண்பர் ஒருவர் பார்த்திருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் அதைப் பனையேறிக் கெண்டை என்றார்களாம். இது நிஜமாகவே பனைமரம் ஏறுமா, ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும்போது எதற்காகத் தரைக்கு வருகிறது, இதன் இயல்பான வாழிடம் எது, வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்கிறார்.

பனை ஏறாது. வரப்பு ஏறும், ஏரிக்கரை ஏறும், ஈரம் இருந்தால் தார் ரோட்டையும் கடக்கும். வளர்க்கலாம், ஆனால் மூடி இல்லாத தொட்டியில் மறுநாள் மீன் இருக்காது. நீங்கள் பார்த்த மீன் வழிதவறி வந்ததும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை அது செய்தாக வேண்டிய வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. அவசரக்காரர்களுக்கு இவ்வளவு போதும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஏரி, வயல், வாய்க்கால் எப்படி இயங்குகின்றன என்பதை இந்த மீனின் உடம்பிலேயே படித்துவிடலாம்.

பனை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இது ஊர்ப்பேச்சோடு நின்ற கதை அல்ல, லண்டன் அறிவியல் இதழ் வரைக்கும் போன கதை. இடம் தரங்கம்பாடி. அப்போது அது டேனிஷ்காரர்கள் கையில் இருந்த துறைமுகம். அங்கே லெஃப்டினன்டாக இருந்த டால்டோர்ஃப் என்பவருக்குப் பூச்சி, மீன் என்று சேகரிப்பதில் பெரிய ஆர்வம். 1791 நவம்பரில், குளத்தருகே நின்ற ஒரு பனையின் பட்டைப் பிளவில், தண்ணீர் மட்டத்திலிருந்து 5 அடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாகவும், அது மேலும் ஏற முயன்றுகொண்டிருந்ததாகவும் அவர் எழுதினார். செவுள் மூடியை விரித்துப் பட்டையில் ஊன்றித் தொங்கியது, வாலை மடக்கியது, அடித்துடுப்பின் முட்களைக் குத்தி உடம்பை மேலே தள்ளியது, பிறகு செவுள் மூடியை இன்னும் சற்று மேலே ஊன்றியது என்று அசைவு அசைவாக விவரித்திருக்கிறார். 1797இல் லின்னேயன் சங்கத்தின் இதழில் இது அச்சானது. அதே தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற ஜெர்மன் பாதிரியார், பெர்லினில் மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்த மருத்துவர் பிளாக்குக்கு இந்தப் பக்கத்து மீன்களை அனுப்பிவந்தவர். அவர் வழியாகவும் பனையேறி என்ற தமிழ்ப் பெயரும் கூடவே கதையும் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

இதைவிடப் பழைய பதிப்பு ஒன்றும் உண்டு. 9ஆம் நூற்றாண்டு அரபு வணிகர்களின் குறிப்பில், கடலிலிருந்து ஒரு மீன் வெளியே வந்து தென்னை ஏறி, அங்கே இருப்பதைக் குடித்துவிட்டுத் திரும்பக் கடலுக்கே போய்விடுமாம். கள் குடிக்க மரம் ஏறும் மீன் என்றால் துறைமுகத்தில் கேட்க ஆள் கிடைக்காமலா போகும்!

டால்டோர்ஃப் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் சொன்ன அசைவுகள் அத்தனையும் இந்த மீன் தரையில் நகரும் விதத்தோடு அப்படியே பொருந்துகின்றன. பார்க்காமல் அப்படி எழுத முடியாது. ஆனால் மீன் தானாகவே தரையிலிருந்து கிளம்பி மரத்தில் ஏறியதை அவர் பார்க்கவில்லை. மரத்தில் இருந்த மீனைத்தான் பார்த்தார். காக்கையோ பருந்தோ குளக்கரையில் ஊர்ந்த மீனைக் கொத்திக்கொண்டு போய்ப் பனையில் வைத்துத் தின்னப் பார்க்கும், முள் குத்தியதும் விட்டுவிடும், மற்ற மீன் என்றால் அங்கேயே செத்துவிடும், இது சாகாமல் மணிக்கணக்கில் நெளிந்துகொண்டிருக்கும் என்பதுதான் பின்னால் வந்த மீனியலாளர்கள் சொன்ன விளக்கம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அடிமட்டை உதிராத இளம்பனை, அதாவது வடலி ஒன்று கரையோரம் நின்றிருந்து, மழைநீர் அதன் மேல் வழிந்துகொண்டிருந்தால், நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் பழக்கத்தில் ஓரிரு அடி தொற்றி ஏறவும் செய்திருக்கலாம். அதற்குமேல் ஏறி அந்த மீனுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. பனையில் அதற்கு இரையும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை.

சரி, இப்போது மீனைப் பார்ப்போம். அறிவியல் பெயர் அனபாஸ் டெஸ்டுடினியஸ். பெயரில் கெண்டை இருந்தாலும் கெண்டை இனத்தோடு இதற்கு எந்த உறவும் இல்லை. மீன்தொட்டிக் கடையில் விற்கும் குராமி, ஃபைட்டர் வகைகள்தான் இதற்குச் சொந்தம். தமிழ்நாடு, கேரளம், இலங்கை தொடங்கி வங்காளம், பர்மா, தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரை இது உண்டு. நெல் எங்கெங்கே விளைகிறதோ ஏறக்குறைய அங்கெல்லாம் இதுவும் இருக்கிறது. வங்காளிகளுக்குக் கோய், சிங்களவர்களுக்குக் காவய்யா, கேரளத்தில் கல்லேமுட்டி. 25 செ.மீ. வரை வளரும் என்று பதிவு உண்டு; நம் ஏரிகளில் 10, 15 செ.மீ. மீன்தான் அதிகம் கிடைக்கும். பச்சை கலந்த பழுப்பு நிறம், வாலின் அடியில் ஒரு கரும்புள்ளி, செவுள் மூடியின் ஓரத்தில் இன்னொன்று. முதுகுத் துடுப்பில் 16 முதல் 20 வரை முள், அடித்துடுப்பில் 9 முதல் 11. செதில் கெட்டியாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். செவுள் மூடியின் விளிம்பு ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கும். வெறும் கையால் பிடித்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

வாழிடத்துக்கு வருகிறேன். ஆறு ஓடும் இடத்தில் இது குறைவு. ஏரி, குளம், கண்மாய், ஊருணி, வாய்க்கால் மடு, நெல்வயல், கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய சதுப்பு, இப்படித் தேங்கிய, ஆழம் குறைந்த, செடி அடர்ந்த தண்ணீர்தான் இதன் வீடு. அந்தத் தண்ணீர் பார்க்கக் குளுகுளுவென்று இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு நிலைமை வேறு.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அதாவது ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லி லிட்டர். 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரிலோ, முழுக்கக் கரைந்திருந்தால்கூட 5 மில்லி லிட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். நம் ஏரிகளில் அந்த அளவும் நாள் முழுக்க நிற்காது. பகலில் பாசியும் செடியும் வெயிலில் ஆக்சிஜனை விடுவதால் மதியம் வாக்கில் தாராளமாக இருக்கும். இரவானால் அதே செடி, பாசி, அடியில் மட்கும் இலைதழை, சேற்றுக் கிருமிகள் எல்லாம் அதை இழுக்க ஆரம்பித்துவிடும். விடியலுக்குச் சற்று முன் ஆழமில்லாத செடி மண்டிய குளத்தில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. கோடை இறுதியில், நீர் முழங்காலளவாகச் சுருங்கிய பிறகு, ரோகு, கட்லா எல்லாம் விடியற்காலையில் வாயைப் பிளந்து மேலே மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. அதே குளத்தில் விரால், குறவை, தேளி, பனையேறி நான்கும் அலட்டிக்கொள்ளாமல் இருக்கும். நான்குக்கும் மேலே வந்து காற்றை விழுங்கத் தெரியும்.

இந்த வித்தையைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு வாளி போதும். பாதி வாளித் தண்ணீரில் இரண்டு மீனை விட்டுவிட்டுச் சத்தம் போடாமல் உட்காருங்கள். சற்று நேரம் அடியில் அசையாமல் கிடக்கும். பிறகு ஒன்று விறுட்டென்று மேலே வரும், வாய் நீர்மட்டத்தை ஒரு கணம் உடைக்கும், ‘ப்ளக்’ என்று சின்னச் சத்தம், திரும்ப அடிக்குப் போய்விடும். போகும் வழியில் செவுள் மூடிக்குக் கீழேயிருந்து இரண்டு மூன்று குமிழ் கசியும். அது பழைய காற்று. மீனைச் சுத்தம் செய்யும்போது தலையைச் செவுளுக்கு மேலாகப் பிளந்து பார்த்தால், கண்ணுக்குப் பின்னால் ஓர் அறை இருக்கும். அதற்குள் மடிப்பு மடிப்பாக, செம்பருத்தி மொட்டு அவிழ்கிற பதத்தில், மெல்லிய எலும்புத் தகடுகள். அவற்றின் மேல் போர்த்திய தோலில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடுவதால் அந்த இடம் சிவந்திருக்கும். முதல் செவுள் வளைவின் மேல்பகுதிதான் இப்படி மாறியிருக்கிறது. லாபிரிந்த் உறுப்பு என்பார்கள். விழுங்கிய காற்று இங்கே தங்கி, ஆக்சிஜன் நேரே ரத்தத்துக்குப் போகிறது.

இந்த மீனின் மூச்சை ஹியூஸ், சிங் என்ற இருவர் 1970இல் அளந்து பார்த்தார்கள். நல்ல தண்ணீரில் இருக்கும்போதே தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதியை அது காற்றிலிருந்துதான் எடுக்கிறது. கரியமில வாயுவை வெளியேற்றும் வேலையைப் பெரும்பாலும் செவுள் பார்த்துக்கொள்கிறது. உள்ளே இழுக்க ஒரு வழி, வெளியே விட ஒரு வழி. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு: செவுள் சிறுத்துவிட்டது, அதை மட்டும் நம்பி வாழ முடியாது. மேலே வர விடாமல் தடுத்தால், தெளிந்த தண்ணீரிலேயே இந்த மீன் மூச்சுமுட்டிச் செத்துவிடும். இரவில் கட்டிய வலை நீருக்கடியில் அமிழ்ந்து கிடந்தால், காலையில் அதில் மாட்டிய பனையேறி செத்திருக்கும். கரையில் வீசிய பனையேறி துள்ளிக்கொண்டிருக்கும். மீன் பிடிப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். புதிதாகப் பார்ப்பவர்களுக்குத்தான் தலைகீழாகத் தோன்றும்.

தரையில் எவ்வளவு நேரம் தாங்கும் என்றால், உடம்பு காயாத வரை தாங்கும். சிங்கப்பூரில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த மீன்களை 4 நாள் தண்ணீருக்கு வெளியே வைத்துச் சோதித்தார்கள். அப்போது மூச்சைவிடப் பெரிய சிக்கல் கழிவு. மீன்கள் அம்மோனியாவைச் செவுள் வழியாகத் தண்ணீரில் கரைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும். தண்ணீரே இல்லாதபோது அது உடம்பில் தேங்கி நஞ்சாகும். இது மட்டும், உடம்பைப் போர்த்திய மெல்லிய ஈரத்துக்குள் அம்மோனியாவை வலிந்து வெளியே தள்ளுகிறது. அந்த ஈரப் படலம் காய்ந்தால் கதை முடிந்தது. ஆகவேதான் வெயிலில் இது கிளம்பாது. மழை, இரவு, பனி படிந்த விடியல், இவைதான் இதன் நேரம்.

நடக்கும் விதம் டால்டோர்ஃப் சொன்னதுதான், படுக்கைவாட்டில். ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்து படுக்கும். கீழே இருக்கிற செவுள் மூடி கதவு போலத் திறந்து, பல்வைத்த விளிம்பு மண்ணில் குத்தி நிற்கும். வால் பக்கவாட்டில் அடித்து உடம்பை அந்த ஊன்றுகோலுக்கு மேல் தள்ளும். ஒரு தள்ளல், ஒரு நிறுத்தம். புல் வேரும் மண்கட்டியும் உள்ள வரப்பில் நன்றாகவே முன்னேறும். வழுவழுப்பான சிமென்ட் பூச்சில் பிடி கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இதைக் கடைசியில் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து, தண்ணீர் வற்றும்போது கிளம்பினால் புரிகிறது; ஏரி நிறையும்போது ஏன் வெளியே வர வேண்டும்? உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பலர் இந்த மீன் வறட்சிக்கு அஞ்சித்தான் இடம் மாறுகிறது என்று எழுதுகிறார்கள். வறட்சியில் மாறுவது உண்மைதான். ஆனால் கும்பலாகக் கிளம்புவது புதுத்தண்ணீர் வரும்போது. முதல் பெருமழையில் வயலிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஏரிக்கும் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும், சினை முற்றிய மீன்கள் அதை எதிர்த்து மேலே ஏறும். “புதுத்தண்ணிக்கு மீன் ஏறுது” என்று சொல்லிக்கொண்டு மடைவாயில் பறி கட்டுவது இதற்காகத்தான். கலிங்கல் வழிந்து மறுகால் பாயும்போது அங்கே கூட்டம் கூடுவதும் இதற்காகத்தான். கேரளத்தில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையோடு வரும் இதே ஏற்றத்துக்கு ஊத்த என்று பெயர். சினை மீனாக அள்ளிவிடுகிறார்கள் என்பதால் அங்கே அரசு அதைத் தடை செய்திருக்கிறது.

எங்கே போகிறது என்று பார்த்தால், நேற்று வரை காய்ந்து கிடந்து இன்று கணுக்கால் அளவு நீர் நிற்கும் வயலுக்கும் புல்தரைக்கும். அங்கே முட்டையிடும். குராமியைப் போல நுரைக்கூடு கட்டுவது, குஞ்சைக் காப்பது எல்லாம் இதற்குக் கிடையாது. ஆயிரக்கணக்கில் முட்டை விடும். ஒவ்வொன்றிலும் எண்ணெய்த் துளி இருப்பதால் முட்டைகள் மேலே மிதக்கும், நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். கவனிக்க வேண்டியது குஞ்சை. பிறந்தவுடன் அதற்கு லாபிரிந்த் உறுப்பு கிடையாது. அது உருவாகிக் காற்றை விழுங்கப் பழக நாள் பிடிக்கும். அதுவரை மற்ற மீன்குஞ்சு மாதிரி தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை மட்டுமே நம்ப வேண்டும். அடி அழுகிய பழைய ஏரித் தண்ணீரில் அதற்குப் பிழைப்பில்லை. புது மழைநீரில் ஆக்சிஜன் இருக்கிறது. காய்ந்த மண் நனைந்ததும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகுவதால் தீனி இருக்கிறது. விராலும் வாளையும் வந்து சேர இன்னும் சில நாள் ஆகும். தாய்மீன் காற்றை மூச்சாக்கிக்கொண்டு வரப்பைத் தாண்டுவது, காற்றை மூச்சாக்கத் தெரியாத குஞ்சுக்கு இடம் தேடித்தான். நீங்கள் பார்த்த மீன் வயிறு பருத்திருந்தால், அநேகமாக இந்தப் பயணத்தில் இருந்த பெண்மீன்.

இலங்கையில் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், திருகோணமலை அரசு அதிபர் (நம் ஊர் கலெக்டர் மாதிரி) எழுதிய கடிதம் ஒன்றை வெளியிட்டிருக்கிறார். கரை உடைந்த பெரிய குளம் ஒன்றைப் பார்வையிட அதிபர் போயிருந்தபோது பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. பெருமழை பிடித்தது. தண்ணீர் ஓரத்தில் கூழைக்கடா ஒன்று எதையோ வாரி விழுங்குவதைப் பார்த்து ஆட்கள் ஓடிப்போனால், மழைநீர் வழியும் சின்னச் சின்ன ஓடைகளில், புல்லுக்குள், உடம்பு மறையாத தண்ணீரில் மீன்கள் மேட்டை நோக்கி முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தன. குளத்திலிருந்து 40 கஜ தூரத்தில் சுமார் இரண்டு புஷல், அதாவது ஏறக்குறைய 70 லிட்டர் கொள்ளளவு மீனை அள்ளினார்களாம். சில நிமிடம் விட்டிருந்தால் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கியிருக்கும் என்கிறார். அவை எல்லாம் பனையேறிதான் என்று அந்தக் கடிதத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. புதுத்தண்ணீருக்கு ஏறும் இனங்கள் பல. ஆனால் மழையில் கரைமேட்டில் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல நேரடி விவரிப்பை நான் படித்ததில்லை.

கோடை வேறு கதை. ஏரி சுருங்கச் சுருங்க மீன்கள் கடைசிக் குட்டைகளுக்கு வந்து சேரும். அந்தக் குட்டையும் சேறாகும்போது, சில பனையேறிகள் இரவோடு இரவாக வேறு நீர் தேடிப் போகும். சில ஈரம் காயாத சேற்றுக்குள்ளும் செடி வேரடியிலும் புகுந்து மழை வரை கிடந்து சமாளிக்கும். சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கண்மாயில் ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையோடு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா இந்தப் பருவத்தில்தான். சேற்றைக் கலக்கியதும் மேலே வருபவற்றில் இதுவும் ஒன்று.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. தண்ணீருக்குள் நின்று மீன் பிடிக்கும்போது ஒரு மீனைப் பிடித்ததும், அடுத்ததைப் பிடிக்கக் கை வேண்டுமே என்று முதல் மீனை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் நிறைய ஊர்களில் உண்டு. பனையேறியை அப்படிக் கவ்வாதீர்கள். துள்ளி ஒரு நொடியில் தொண்டைக்குள் போய்விடும். தலை முன்னால் போவதால் உள்ளே வழுக்கிக்கொண்டு இறங்கும். வெளியே இழுத்தால் செவுள் மூடியும் முதுகு முள்ளும் விரிந்து சதையில் குத்தி நிற்கும். தமிழ்நாடு, கேரளம், இலங்கை எல்லா இடத்திலும் இதனால் இறந்தவர்கள் உண்டு. இதை விழுங்கப் பார்த்த பறவைகளும் பாம்புகளும் பெரிய மீன்களும் அதே மாதிரி மாட்டிக்கொண்டு செத்திருக்கின்றன.

வளர்ப்பது பற்றி. கடினமே இல்லாத மீன். போர் தண்ணீர், ஏரித் தண்ணீர் எதுவானாலும் பழகிவிடும், காற்றுக்குழாய் தேவையில்லை. தண்ணீருக்கும் மூடிக்கும் இடையில் நாலு விரல் காற்று இடம் இருக்க வேண்டும், மூடி கனமான வலையாக, கல் வைத்துக் கட்டியதாக இருக்க வேண்டும். மழை இரவில் தொட்டி ஓரமெல்லாம் நனைந்திருக்கும்போதுதான் தாண்டும். மண்புழு, பூச்சி, சின்ன இறால், நத்தை, சோறு, தவிடு எல்லாம் தின்னும். தன் வாய்க்கு அடங்கும் எந்த மீனையும் தின்னும் என்பதால் கப்பி, டெட்ராவோடு சேர்த்து விடக் கூடாது. கொஞ்சம் முரட்டு மீன். நெருக்கமாக விட்டால் ஒன்றையொன்று துடுப்பைக் கடிக்கும். கோரை, பாசி போட்டு மறைவிடம் கொடுத்தால் சண்டை குறையும்.

சாப்பாட்டு மீனாக இதற்கு நம்மிடம் விரால் அளவுக்கு மரியாதை இல்லை. சாம்பல் போட்டுச் சொரசொரப்பான கல்லில் தேய்த்தாலும் செதில் லேசில் போகாது; குடல் எடுத்த பிறகும் துடிக்கும்; முள் வேறு. பொறுமை இருப்பவர்களுக்குக் குழம்பில் ருசி உண்டு. கொல்கத்தாவில் போய்ப் பாருங்கள், அலுமினியப் பாத்திரத்தில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு உயிரோடு விற்பார்கள். நோயில் கிடந்து எழுந்தவர்களுக்கு இதைச் சமைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். வங்கதேசத்தில் சீக்கிரம் வளரும் தாய்லாந்து, வியட்நாம் ரகங்களைக் குளத்தில் போட்டு வளர்க்கிறார்கள். கேரளத்திலும் ‘அனபாஸ்’ என்றே சொல்லி விற்கிறார்கள். பண்ணை ரகத்தை வாங்கி நம் ஏரியில் விடும் யோசனை இருந்தால் தயவுசெய்து வேண்டாம். ஊர் மீனோடு கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது.

தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் இது என்ன செய்யும் என்பதற்கு நியூகினி உதாரணம். மனிதர் கொண்டுபோய் விட்டதில் அங்கே பரவி, 2005இல் ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணையில் உள்ள போய்கு, சைபாய் தீவுகள் வரை வந்துவிட்டது. உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும் என்பதால், பெருநிலத்துக்கு வந்துவிடுமோ என்று அங்கே கண்காணிக்கிறார்கள்.

ஆனால் சொந்த ஊரில், வயலுக்கு வயல் கிடைத்த மீன் இன்று தேடிப் பார்க்கும் மீனாகிவிட்டது என்று டெல்டாவில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அசுத்தத் தண்ணீரையும் வறட்சியையும் தாங்கும் மீன் ஏன் குறைய வேண்டும்? பூச்சிக்கொல்லி ஒரு காரணம்; முட்டை மிதப்பதும் குஞ்சு வளர்வதும் மருந்து அடிக்கும் அதே வயலில்தான். திலாப்பியாவும், தடையை மீறிப் பெருகிய ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இன்னொரு காரணம். என் கணக்கில் முக்கியமானது வேறு. வாய்க்கால்களின் இரு பக்கமும் செங்குத்தாக சிமென்ட் சுவர் எழுப்பிவிட்டோம். ஏரிக்கும் வயலுக்கும் நடுவே ரோடு போட்டு, தண்ணீர் போக ஒரு குழாயை மட்டும் புதைத்தோம். குழாய் வாய் மறுபக்கம் இரண்டடி உயரத்தில் தொங்குகிறது. மண் கரையில், புல் வேரில் செவுளை ஊன்றி ஏறப் பழகிய மீனால் வழவழத்த சுவரில் ஓர் அங்குலம் ஏற முடியாது. சுவருக்கு நடுநடுவே கற்களைப் பரப்பிச் சரிவு ஒன்று விட்டாலே போதும், மீன் மட்டும் இல்லை, தவளையும் ஆமையும் ஏறிப் போய்விடும். வாய்க்கால் வேலை எடுக்கும்போதே ஊராட்சியில் கேட்டுச் செய்யக்கூடிய காரியம்தான் இது.

அடுத்த முறை வரப்பில் இந்த மீனைப் பார்த்தால், அது போகும் திசையைக் கவனித்து அந்தப் பக்கமே விட்டுவிடுங்கள். பாவம் என்று திரும்ப ஏரியில் போட்டால், அத்தனை தூரத்தையும் மறுபடி ஏற வேண்டியிருக்கும். ரோட்டில் கிடந்தால் மட்டும் ஈரத்துணியால் தலையோடு சேர்த்துப் பொத்தி எடுங்கள். துணி இல்லையென்றால் வாழை மட்டை. வெறும் கை வேண்டாம்.